சிடி4 காணோம், சிடி20 காணோம்: எபிடோப் தகராறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஃப்ளோ சைட்டோமீட்டர் என்பது, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை லேசர் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் கருவி. அதில் ஒரு மார்க்கர், அதாவது செல்லை அடையாளம் காட்டும் புரதம், வரவில்லை என்றால் லேபில் முதலில் திட்டு வாங்குவது மெஷின். லேசர் சரியில்லை, காம்பன்சேஷன் (ஒரு நிறம் இன்னொன்றில் கசிவதைக் கழிப்பது) சரியில்லை என்பார்கள். அடுத்த பழி ஆன்டிபாடி குப்பியின் மேல் விழும். ஆனால் மெஷினும் குப்பியும் நன்றாக இருந்து, செல்லிலும் அந்தப் புரதம் இருந்து, புள்ளிகள் மட்டும் வராத நிலை ஒன்று உண்டு. ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய அந்தச் சின்ன இடம், அதாவது எபிடோப், பிறவியிலேயே மாறியிருக்கும், அல்லது மேலே வேறு எதுவோ உட்கார்ந்திருக்கும், அல்லது நாமே நம் ரசாயனங்களால் அதைக் கெடுத்திருப்போம்.

உதவி டி செல்களின் மேல் இருக்கும் சிடி4 புரதத்தை எடுத்துக்கொள்வோம். சிடி4 ஆன்டிபாடி என்று சொல்கிறோமே தவிர, எந்த ஆன்டிபாடியும் சிடி4-ஐ முழுசாகப் பார்ப்பதில்லை. அதன் கை நுனியில் ஆறு வளையங்கள் உண்டு: கனச் சங்கிலியில் மூன்று, லேசான சங்கிலியில் மூன்று. இந்த ஆறும் சேர்ந்து புரதத்தின் மேற்பரப்பில் ஒரு சின்னத் திட்டை மட்டுமே தொடுகின்றன. ஆளை முழுசாகப் பார்க்காமல் காது மடலை மட்டும் வைத்து அடையாளம் சொல்வது மாதிரி. 1986-ல் ஓர் ஆன்டிபாடியும் கோழிமுட்டை லைசோசைமும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானது. லைசோசைமின் 129 அமினோ அமிலங்களில் ஆன்டிபாடியைத் தொட்டவை 16 மட்டுமே. அந்த 16-ம் ஒரே வரிசையில் இல்லை. சங்கிலியின் தொடக்கத்துக்கு அருகே ஒரு துண்டு, கடைசியில் ஒரு துண்டு. புரதம் மடிந்து நிற்பதால்தான் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. மடிப்பு குலைந்தால் அந்த எபிடோப்பும் போயிற்று. நாம் தினமும் பயன்படுத்தும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் ஹைப்ரிடோமா முறையைக் காட்டிய பிறகு, ஆளாளுக்கு வெள்ளணுக்கள் மேல் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே செல்லின் வாரிசுகள் தரும், ஒரே எபிடோப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி) தயாரித்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 1982-ல் பாரிஸில் கூடிய பட்டறையில் அவற்றை ஒப்பிட்டுக் கூட்டங்களாகப் பிரித்ததில்தான் சிடி எண்கள் பிறந்தன. எண் மூலக்கூறுக்கு உரியது. எபிடோப் எது என்று சொல்வது குளோன் பெயர், அதாவது அந்த ஆன்டிபாடியைத் தரும் செல் வம்சத்தின் பெயர். எனவே லேப் நோட்டில் "சிடி4 வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அது பாதித் தகவல்தான். எந்த குளோன் என்று எழுதுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே டியூப் கலவையை ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில், அதே நாளில், போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் பிரச்சினை உங்கள் ரசாயனத்திலோ மெஷினிலோ இருக்கிறது. அதில் வந்து இதில் மட்டும் வரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஒரே ஒருவரின் ரத்தத்தில் மட்டும் மார்க்கர் பூஜ்யம்

இதற்கு அழகான உதாரணம் ஓகேடி4. சிடி4-க்கான பழைய, புகழ்பெற்ற குளோன். சிலரின் ரத்தத்தில் இது சுத்தமாக ஒட்டாது. அவர்களுக்கு உதவி டி செல்கள் இருக்கின்றன, நன்றாக வேலையும் செய்கின்றன. சிடி4 மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்: புரதத்தின் 240-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபேன். ஓகேடி4 பிடிக்கும் திட்டு அங்கேதான் இருக்கிறது, அது கெட்டுவிடுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது அதிகம், ஜப்பானியரிடமும் பதிவாகியிருக்கிறது.

இது திரையில் எப்படித் தெரியும்? சிடி3 எல்லா டி செல்களிலும் இருக்கும், சிடி8 கொல்லும் டி செல்களில் இருக்கும். உதாரணத்துக்கு, சிடி3 எண்ணிக்கை 1,500, சிடி8 எண்ணிக்கை 600, சிடி4 பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். சிடி4 டி செல்களையும் சிடி8 டி செல்களையும் கூட்டினால் சிடி3 மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். சிறு வித்தியாசம்தான் அனுமதி. இங்கே 900 செல்கள் கணக்கில் வரவே இல்லை. எச்ஐவியால் உண்மையிலேயே சிடி4 செல்கள் அழிந்திருந்தால், சிடி3 மொத்தம் சிடி8 எண்ணிக்கையை நெருங்கியிருக்கும். இப்படி சிடி3 உள்ள, ஆனால் சிடி4-ம் சிடி8-ம் இல்லாத பெரிய கூட்டம் நிற்காது. காமா-டெல்டா என்ற சிறு வகை டி செல்கள் அந்த இடத்தில் நிற்கும்தான், ஆனால் சாதாரணமாக அவ்வளவு இருக்காது.

அடுத்து மோனோசைட்டுகளைப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மோனோசைட்டுகளிலும் சிடி4 மங்கலாக இருக்கும். பக்கச் சிதறலில் லிம்ஃபோசைட்டுகளுக்கு மேலே நிற்கும் அந்தக் கூட்டத்தைக் கேட் செய்து (திரையில் வட்டமிட்டுத் தனியே பிரித்து) பாருங்கள். அதுவும் பூஜ்யத்தில் நின்றால், நோய் ஒரு வகைச் செல்லைத் தின்றுவிட்டது என்று எண்ண முடியாது. பிறவி மாற்றம் எல்லாச் செல்லிலும் ஒன்றாகத் தெரிகிறது. மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர்களில் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் சிடி4 குவியல் பாதி வெளிச்சத்தில் நிற்கும். "டை மங்கிப்போச்சு" என்று தள்ளிவிடாதீர்கள்.

தீர்வு எளிது: புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் குளோனுக்கு மாறுங்கள். எஸ்கே3, ஆர்பிஏ-டி4 இரண்டும் சிடி4-ன் நுனிப் பகுதியைப் பிடிப்பவை, இவர்களிடமும் ஒட்டும். நோயாளியின் அறிக்கையில் சிடி4 பூஜ்யம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் செய்யாமல் இருக்க எந்த நியாயமும் இல்லை.

சிடி4 மட்டும் இப்படி இல்லை. இயற்கைக் கொல்லிச் செல்களில் இருக்கும் சிடி16-ன் 48-ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களிடம் பி73.1 என்ற குளோன் ஒட்டாது, 3ஜி8 ஒட்டும். சிடி33-ல் வேறு கதை. ஓர் ஒற்றை எழுத்து மாற்றம் அந்த மரபணுவின் இரண்டாவது எக்ஸானை (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டை) தாண்டிப் போகவைக்கிறது. புரதத்தின் வெளி நுனி இல்லாமலே சிடி33 உருவாகிறது. பி67.6 குளோன் பிடிப்பது அந்த நுனியைத்தான். ரத்தப் புற்றுநோய்க்கான ஜெம்டுசுமாப் மருந்து அதே குளோனிலிருந்து வந்தது என்பதால், இங்கே ஸ்டெயினிங் மங்கினால் மருந்து பிடிக்கும் இடமும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். சிடி45-ல் எதிர்மாறான சிக்கல்: 77-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியவர்களிடம் நினைவு டி செல்களிலும் சிடி45ஆர்ஏ அழியாமல் நிற்கும். சிடி45ஆர்ஏ-வை மட்டும் வைத்து நேயிவ் செல் (இன்னும் எதிரியைச் சந்திக்காத டி செல்) எண்ணினால் கணக்கு தப்பாகும். சிடி45ஆர்ஓ-வோ சிசிஆர்7-ஓ கூடச் சேருங்கள்.

சிகிச்சைக்கு அப்புறம் மார்க்கர் காணாமல் போனது

முதல் கேள்வி நோயாளியின் மருந்துப் பட்டியல். சாம்பிள் ஃபாரத்தில் பலமுறை அது எழுதப்பட்டிருக்காது. வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ரிடுக்சிமாப் என்பது பி செல்களின் சிடி20-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்து. அதை எடுத்தவர்களில் சிடி20 பூஜ்யம் என்றால் இரண்டு சாத்தியம். பி செல்களே அழிந்திருக்கலாம். அல்லது செல் இருந்து, மருந்தே சிடி20-ன் மேல் உட்கார்ந்து உங்கள் ஆன்டிபாடிக்கு இடமில்லாமல் செய்திருக்கலாம். லேபில் புழங்கும் சிடி20 குளோன்களில் பலவும் மருந்து பிடிக்கும் அதே பெரிய வளையத்தோடு போட்டி போடுபவை. எனவே பி செல்லை அதன் இன்னொரு மார்க்கரான சிடி19-ஐ வைத்து எண்ணுங்கள். திசுத் துண்டு என்றால் எல்26 குளோன் உதவும். அது சிடி20-ன் செல்லுக்குள் இருக்கும் பகுதியைப் பிடிக்கிறது, மருந்து அங்கே எட்டாது. இன்னொரு சின்னப் பொறி: ரிடுக்சிமாப்பின் லேசான சங்கிலி மனித கப்பா. மருந்து பூசிய பி செல்களில் கப்பா எதிர் ஆன்டிபாடி போட்டால் ஒரே நிறமாகத் தெரிந்து, ஒரே குளோனின் கூட்டம் போல ஏமாற்றும்.

சிடி19-ஐ குறிவைக்கும் கார்-டி சிகிச்சைக்கு (டி செல்களை மரபணு மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) பிறகு (இந்தியாவிலும் 2023-ல் இதற்கு அனுமதி கிடைத்தது) சிடி19-ம் நம்பகமில்லை. லுகேமியா செல்கள் சிடி19-ன் இரண்டாவது எக்ஸானை விட்டுவிட்டு, எபிடோப் இல்லாத புரதத்தைச் செய்து தப்பித்திருக்கின்றன. சிடி22, சிடி24, செல்லுக்குள் சிடி79ஏ என்று வேறு வழியில் கேட் செய்ய வேண்டும்.

டாராடுமுமாப் இன்னும் தொல்லை. பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவுக்குக் கொடுக்கப்படும் இது சிடி38-ஐ மூடிவிடும். பிளாஸ்மா செல்லை சிடி38-ஐக் கொண்டு தேடிப் பழகிய கை வெறுமையாக நிற்கும். சிடி138, சிடி319, விஎஸ்38சி போன்றவற்றுக்கு மாறலாம். அல்லது சிடி38-ன் வேறு எபிடோப்புகளைப் பிடிக்கும் கலவை ஆன்டிபாடிகள் கிடைக்கின்றன. ஆனால் இந்த மருந்தின் பெரிய சத்தம் ஃப்ளோ லேபில் கேட்பதில்லை, ரத்த வங்கியில் கேட்கிறது. சிவப்பணுக்களிலும் கொஞ்சம் சிடி38 உண்டு. நோயாளியின் சீரத்தில் உள்ள மருந்து, பரிசோதனைக்கான சிவப்பணுக்கள் எல்லாவற்றிலும் ஒட்டி, மறைமுக கூம்ஸ் சோதனையில் (சீரத்தில் சிவப்பணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டா என்று பார்ப்பது) எல்லாக் குழாயும் பாசிட்டிவ் ஆகிவிடும். கடைசி டோஸுக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இது தொடரலாம். பரிசோதனைச் சிவப்பணுக்களை டைதையோதிரைட்டாலில் கழுவினால் சிடி38-ன் சல்ஃபர் பிணைப்புகள் உடைந்து எபிடோப் குலையும், சோதனை தெளியும். அதே ரசாயனம் கெல் என்ற ரத்த வகை ஆன்டிஜன்களையும் அழித்துவிடும் என்பதால், கெல் எதிர் ஆன்டிபாடி இருந்தாலும் தெரியாது. அதனால் கே நெகட்டிவ் (கெல் வகையின் கே ஆன்டிஜன் இல்லாத) ரத்தம் கொடுப்பது வழக்கம். மருந்து தொடங்குமுன்பே நோயாளியின் ரத்த வகையை விரிவாகப் பார்த்து வைத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை.

சிடி52-ஐப் பிடிக்கும் அலெம்டுசுமாப் மருந்து எடுத்தவர்களில் சிடி52 இல்லாத டி செல்கள் வந்தால், ஸ்டெயினிங் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். ஜிபிஐ நங்கூரம் (சிடி52 போன்ற புரதங்களைச் செல் சவ்வில் கட்டிவைக்கும் கொக்கி) இல்லாத செல்கள் மருந்திலிருந்து தப்பித்துப் பெருகுவது உண்டு. சிடி55, சிடி59 போட்டுப் பாருங்கள்; அவையும் இல்லை என்றால் நங்கூரம்தான் போயிருக்கிறது.

ஃபிக்ஸ் செய்த பிறகு மங்கியது, பாராஃபினில் வரவே இல்லை

ஃபிக்ஸ் செய்வது என்றால் செல்லை ரசாயனத்தால் அப்படியே நிலைநிறுத்துவது; பாராஃபின் என்பது திசுவைப் பதித்து வெட்டும் மெழுகு. ஃபார்மால்டிஹைடு, லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடும். எபிடோப்பின் நடுவே லைசின் இருந்தால் கதை முடிந்தது. மெத்தனால் புரதத்தின் மடிப்பையே குலைக்கும். கூடவே பிஇ, ஏபிசி மாதிரியான புரத நிறமிகளின் ஒளியையும் கொன்றுவிடும். எனவே மெத்தனாலுக்குப் பின் பிஇ இருட்டானால் எபிடோப்பைக் குற்றம் சொல்லுமுன் நிறமியை நினையுங்கள். வழக்கமான தீர்வு: மேற்பரப்பு மார்க்கரை முதலில் போட்டு, அப்புறம் ஃபிக்ஸ் செய்வது. அப்போதும் மங்கினால் குளோனை மாற்றுங்கள்.

வடிவத்தைப் பிடிக்கும் குளோனையும் நேர்வரிசையைப் பிடிக்கும் குளோனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க டபிள்யூ6/32-ம் எச்சி10-ம் நல்ல ஜோடி. இரண்டும் எச்எல்ஏ முதல் வகுப்புக்கானவை; அது கனச் சங்கிலியும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் சேர்ந்த செல் மேற்பரப்புப் புரதம். டபிள்யூ6/32, கனச் சங்கிலி பீட்டா-2 மைக்ரோகுளோபுலினோடு சேர்ந்து நிற்கும்போது மட்டும் பிடிக்கும். எச்சி10, சேராமல் தனியே இருக்கும் கனச் சங்கிலியைப் பிடிக்கும். பீட்டா-2 செய்யவே தெரியாத டௌடி செல்களில் டபிள்யூ6/32 போட்டால் வெறுமை. சாதாரண லிம்ஃபோசைட்டுகளை பிஎச் 3 அளவு அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலும் பீட்டா-2 கழன்றுவிடும், டபிள்யூ6/32 சரியும். ஆகவே வெஸ்டர்ன் பிளாட்டில் டபிள்யூ6/32 பட்டை தரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பாதீர்கள். அந்தச் சோதனைக்காக எஸ்டிஎஸ் என்ற சோப்பு போட்டுக் கொதிக்க வைத்து மடிப்பு குலைந்த புரதத்தில் அது பிடிக்க என்ன இருக்கிறது? பாராஃபின் துண்டில் சிடி3 பார்க்கவும் மேற்பரப்பு குளோன்களை நம்பாமல், செல்லுக்குள் இருக்கும் வால் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடிகளையே பயன்படுத்துகிறார்கள்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை. அல்லது திசுவில் மட்டும் வரவில்லை

ரத்தம் எந்தக் குழாயில் வந்தது? இன்டெக்ரின்களின் (செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களின்) விழித்த வடிவத்தை மட்டும் பிடிக்கும் எம்ஏபி24 போன்ற குளோன்களுக்கு மக்னீசியமோ மாங்கனீசோ வேண்டும். இடிடிஏ குழாயில், இடிடிஏ கலந்த பஃபரில் அந்த உலோக அயனிகள் பறிபோகும், எபிடோப்பே உருவாகாது. ஹெப்பாரின் ரத்தம், மக்னீசியம் சேர்த்த பஃபர், 37 டிகிரி: இப்படிப் போட்டுப் பாருங்கள். சிசிஆர்7-ம் ஐஸில் போட்டால் மங்கலாகத்தான் வரும், 37 டிகிரியில் எழுந்து நிற்கும். சிடி62எல் வேறு பிரச்சினை; செல் விழித்தாலோ, ரத்தம் பழசானாலோ, உறைய வைத்து எடுத்தாலோ, வெளிப்பகுதி வெட்டுப்பட்டு உதிர்ந்துவிடும். அதற்கு குளோன் மாற்றிப் பயனில்லை, புது ரத்தம் வேண்டும்.

திசுவை என்சைமால் கரைத்திருந்தால் என்சைம்தான் முதல் சந்தேகம். டிஸ்பேஸ் சிடி4, சிடி8 இரண்டையும் கடிக்கும். டிரிப்சின் இன்னும் மோசம். ரத்தத்திலிருந்து பிரித்த சாதாரண செல்களை அதே என்சைம் கலவையில் அதே நேரம் வைத்து, வைக்காத செல்களோடு ஒப்பிட்டால் அரை நாளில் விடை கிடைக்கும்.

தனியாகப் போட்டால் வருகிறது, சேர்த்துப் போட்டால் வரவில்லை

ஓர் ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன். பல சமயம் அது பிடிக்கும் புரதத்தை விடப் பெரியது. எபிடோப் வேறாக இருந்தாலும் பக்கத்தில் இருந்தால் ஒன்று இன்னொன்றைத் தள்ளும். சிடி3-க்கும் டி செல் ஏற்பிக்கும் சேர்த்து ஆன்டிபாடி போடும்போது இது அடிக்கடி நடக்கிறது. எம்எச்சி டெட்ராமரோடு (குறிப்பிட்ட டி செல் ஏற்பியைப் பிடிக்கும் நான்கு-கூட்டு ஒளிரும் மூலக்கூறு) சிடி8 ஆன்டிபாடி போடுபவர்களுக்கும் இதே பாடு. சில குளோன்கள் டெட்ராமரைத் தடுக்கும், சில அதைத் தூக்கிவிடும். டெட்ராமரை முதலில், ஆன்டிபாடியைப் பின்னால் என்று வரிசை மாற்றிப் பாருங்கள். வரிசை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்றால் நெரிசல்தான் காரணம்.

எல்லாச் செல்லிலும் ஒட்டுகிறது

பெரும்பாலும் இதில் எபிடோப்புக்குச் சம்பந்தமே இல்லை. மோனோசைட்டுகளின் சிடி64 ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. எலியின் ஐஜிஜி2ஏ வகையை அது குறிப்பாக விரும்பும். ஐஜிஜி1 அவ்வளவு இல்லை. ஆன்டிபாடி போடும் முன் மனித ஐஜிஜியோ எஃப்சி பிளாக்கோ (வாலைப் பிடிக்கும் ஏற்பிகளை அடைக்கும் கரைசல்) சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். செத்த செல் எதையும் ஒட்டிக்கொள்ளும்; உயிர்ச்சாயம் போடாமல் இந்த அறிகுறியைப் பற்றிப் பேசுவது வீண். பிஇ-சை7 போன்ற இரட்டை நிறமிகள் வெளிச்சத்தில் கெட்டு பிஇ ஆகவே ஒளிரும். அப்போது பொய்யான பிஇ கூட்டம் ஒன்று, சை7 போட்ட செல்களின் மேலேயே சரியாக நிற்கும். அளவும் முக்கியம். ஆன்டிபாடி தேவைக்கு மேல் இருந்தால் பலவீனமான பிடிப்புகளும் ஒளிர ஆரம்பிக்கும். குப்பியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

உண்மையான எபிடோப் காரணமும் ஒன்று உண்டு: சர்க்கரை. சிடி15, சிடி57 ஆகியவை புரதங்களின் பெயர்கள் அல்ல, சர்க்கரைச் சங்கிலிகளின் வடிவங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல புரதங்களின் மேல் அதே சர்க்கரை உட்காரும். சிடி57 போட்டால் கொல்லிச் செல்லும் வரும், முதிர்ந்த சிடி8 செல்லும் வரும், நரம்புத் திசுவும் வரும். ஆன்டிபாடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சிடி34-லும் சர்க்கரையைச் சார்ந்த எபிடோப்புகள் உண்டு. ஸ்டெம் செல் எண்ணும்போது சர்க்கரை மாறினாலும் அசையாத மூன்றாம் வகுப்பு குளோன்களை, 8ஜி12 அல்லது 581 போன்றவற்றை, எடுப்பது அதனால்தான்.

பிரித்தெடுத்த செல்கள் வித்தியாசமாக நடந்துகொள்கின்றன

ஸ்டெயினிங் அருமை, சார்ட்டிங் (வேண்டிய செல்களை மெஷினால் பிரித்தெடுப்பது) அருமை, அடுத்த நாள் கல்ச்சரில் டி செல்கள் தாமாகவே பெருகுகின்றன. நீங்கள் போட்ட சிடி3 குளோன் எது? ஓகேடி3, யூசிஎச்டி1 இரண்டும் டி செல்லை எழுப்பக்கூடியவை. 1986-ல் மனிதருக்கான முதல் மோனோகுளோனல் மருந்தாக அனுமதி பெற்ற ஓகேடி3-ன் முதல் டோஸில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தது இதனால்தான். சிடி16-ல் 3ஜி8 பளிச்சென்று வரும், ஆனால் ஏற்பியின் வேலையிடத்தையே மூடிவிடும். அந்தச் செல்லை வைத்து ஆன்டிபாடி வழிக் கொல்லும் திறனை அளந்தால் குறைவாகத்தான் வரும். டி செல்லைத் தூண்ட உதவும் சிடி28 இதில் எச்சரிக்கைக்கே உரிய உதாரணம். வழக்கமான குளோன்கள் சிடி80 பிடிக்கும் நுனிக்கு அருகே ஒட்டும். அவற்றுக்கு டி செல்லை எழுப்ப இன்னொரு சமிக்ஞையும் தேவை. டிஜிஎன்1412 என்ற சோதனை மருந்து ஒட்டியது பக்கவாட்டில், செல் சவ்வுக்கு அருகில் உள்ள ஒரு வளையத்தில். இரண்டாவது சமிக்ஞை இல்லாமலே அது செல்லை எழுப்பியது. 2006 மார்ச்சில் லண்டனில் அதை எடுத்துக்கொண்ட ஆறு தன்னார்வலர்களும் சைட்டோகைன் புயலில் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். மூலக்கூறு ஒன்றே, எபிடோப் வேறு.

செயல்திறன் சோதனைக்கான செல்கள் என்றால், வேண்டிய செல்லைத் தொடாமல் மற்றவற்றை நீக்கும் நெகட்டிவ் செலக்ஷன் கிட்டுக்குப் போங்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் சிடி3-ஐ விட்டுவிட்டு சிடி4, சிடி8, சிடி5 போன்றவற்றால் கேட் செய்யுங்கள். அதே ஆன்டிபாடி போட்டு சார்ட் செய்யாத ஒரு டியூபையும், ஆன்டிபாடியே போடாத ஒரு டியூபையும் கூடவே கல்ச்சரில் வையுங்கள். செல்லை எழுப்பியது ஆன்டிபாடியா, சார்ட்டரின் அழுத்தமா என்று அதில் தெரிந்துவிடும்.